பனி இறங்கினால் போகும் கரண்டு

பனி இறங்கினால் லைன் விழுந்துவிடும், கரண்டு போய்விடும். வெயில் ஏறினால் தானாகவே சரியாகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மார்கழி முழுவதும் எனக்கு அது ஒன்றுதான் சிந்தனை.

அறுபதுகளின் பின்பாதி அது. கொல்லிமலைக்கு மின்சாரம் ஏறி இரண்டு மழைக்காலம்தான் கடந்திருந்தது. நான் சேலத்தில் டிப்ளமோ முடித்து, மின்சார சூப்பர்வைசராக அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். பேளுக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் ஜாகை. ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். ரோடு வளைந்து வளைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போகும். லைனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடிவாரத்து மின் நிலையத்தில் கிளம்பி, பாறையும் காடும் பார்க்காமல் சரிவில் நேராக ஏறி, சோளக்காட்டில் போய் நிற்கும். அங்கிருந்து ஒரு கிளை பிரிந்து, வயல்களையும் மேடுகளையும் தாண்டி ஒரு சின்ன மில்லுக்குப் போகும். லைன் அதோடு முடிந்தது.

மின் நிலையத்தில் பிரேக்கர் என்று ஒன்று உண்டு. லைனில் ஓடும் கரண்டு எங்காவது பூமிக்குள் கசிந்து, அளவு மிஞ்சிவிட்டால், அது தானாக விழுந்து மொத்த லைனையும் துண்டித்துவிடும். அது நம்மைக் காப்பாற்றத்தான் விழுகிறது. ஆனால் எந்த இடத்தில் கசிந்தது என்று அது சொல்லாது. 'எங்கேயோ தப்பு' என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. மீதியை நாம்தான் நடந்து கண்டுபிடிக்க வேண்டும்.

மார்கழியில் தினமும் விடியலில் பிரேக்கர் விழுந்தது. மின் நிலையத்தில் இருந்த ஆபரேட்டர் அதைத் தூக்கி விடுவார். உடனே மறுபடியும் விழும். காலை பஸ்ஸைப் பிடித்து நாங்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் பனி விலகியிருக்கும். அப்போது கரண்டு கொடுத்தால் லைன் கல்லு மாதிரி நிற்கும். சாயங்காலம் வரை, ராத்திரி வரை நிற்கும். மறுநாள் விடியலில் மறுபடி விழும்.

என்னோடு எப்போதும் வரும் லைன்மேன் நாற்பதைத் தாண்டியவர், அடிவாரத்துக்காரர். அந்த லைன் போட்டபோது தண்டவாள இரும்பைத் தோளில் சுமந்து சரிவில் ஏற்றிய கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்தத் தண்டவாளங்கள்தான் கம்பங்களாக நின்றன.

"இது திருடன் மாதிரி சார்" என்றார் அவர். "நாம டார்ச்சு அடிக்கிறப்ப ஒளிஞ்சுக்கிறான். நாம போனதும் வந்துடறான்."

முதல் தடவை மில்லுக்குப் போனபோது நான் எதிர்பார்த்தது நாலைந்து பேரை. வாசலில் ஏகப்பட்ட பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய பக்கத்திலும் கூடை, கூடைகளில் சாமையும் தினையும். அதற்கு முன் அவர்கள் உரலில் குத்திக்கொண்டிருந்தவர்கள். மெஷின் வந்ததும் விடியலிலேயே கிளம்பி, பல மேடு இறங்கி ஏறி வந்து, அரைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பப் பழகியிருந்தார்கள். இப்போது மெஷின் வெயில் ஏறிய பிறகுதான் ஓடியது. அதற்குள் அவர்களுடைய பாதிப் பகல் போய்விடும்.

மில்லுக்காரர் என்னைப் பார்த்ததும் மோட்டாரைக் காட்டினார். பேசியது கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள். நாற்பது வயது இருக்கும். மாடு வைத்திருப்பவர். கையில் ஓட்டுகிற குச்சி இருந்தது.

"ஏனுங்க, கரண்டு ஆபீசருங்களா?"

"ஆமாங்க."

"ஒண்ணு கேக்கோணும். கரண்டு போயிருச்சு, கரண்டு போயிருச்சுங்கறீங்களே, போன கரண்டு எங்கீங்க போச்சு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். கம்பி வழியாக ஏதோ ஒன்று வருகிறது. அது வராமல் போனால் வேறு எங்கோ போயிருக்க வேண்டும். தண்ணீர் வாய்க்காலில் வரவில்லை என்றால் எங்கோ உடைந்து வேறு வயலில் பாய்கிறது என்றுதானே அர்த்தம்?

"பூமிக்குள்ள போகுதும்மா" என்றேன்.

"எந்த எடத்துலீங்க?"

"அதைத்தான் தேடறோம்."

"தேடுங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவர் கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

நாங்கள் தேடினோம். மலைச் சரிவில் ஒரு கம்பத்தை இழுத்துப் பிடித்திருந்த ஸ்டே கம்பியில் மிளகுக் கொடி ஒன்று செழித்து ஏறியிருந்தது. நுனி, மேலே கம்பிக்கு ஒரு முழம் கீழே வரைக்கும் போயிருந்தது. லைன்மேன் "இதான் சார்!" என்று கத்தியேவிட்டார். பனியில் நனைந்த கொடி, காற்றில் ஆடி மேலே தொட்டால் போதும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தோட்டக்காரரைக் கூப்பிட்டோம். அவருக்கு ஒரு குற்ற உணர்வும் இல்லை.

"கவர்மெண்டே கம்பம் நட்டுக் கம்பியும் கட்டிக் குடுத்துச்சுங்க. சும்மாதான நிக்குதுன்னு ஏத்திவுட்டேன். முள்ளுமுருங்கையை விட இதுல நல்லா புடிக்குதுங்க."

"கரண்டு அடிச்சா செத்துப் போவீங்க" என்றேன்.

"நான் ஏங்க சாவறேன்? கொடிதான ஏறுது?"

கடைசியில் சமாதானமாகப் போயிற்று. கொடியை வெட்டாமல், அடிவாரத்துக்கு ஆளனுப்பி லைனை அணைத்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து அதை அலுங்காமல் இறக்கி, பக்கத்து முள்ளுமுருங்கையில் கட்டிக் கொடுத்தோம். அவர் எங்களுக்கு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார். திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் பஸ் ஏறினோம்.

மறுநாள் விடியலில் லைன் விழுந்தது.

அதற்கப்புறம்தான் நான் முடிவு செய்தேன், திருடன் வரும் நேரத்தில் அங்கேயே இருக்க வேண்டும் என்று. சட்டை, போர்வை, கொஞ்சம் புளிச்சாதம், கரண்டுக் கசிவைச் சோதிக்கும் மெகர் பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு இருவரும் சோளக்காட்டுக்குப் போனோம். ஒரு டீக்கடையின் பின்னால் இருந்த சின்ன அறையில் இடம் கிடைத்தது. மிளகு மூட்டைகளுக்கு நடுவில் படுத்தோம். காலையில் எழுந்தால் மூக்கெல்லாம் காரம்.

இவ்வளவு நீளமான லைனில் குறையைத் தேட ஒரு வழி உண்டு. நடுவில் இருக்கும் சுவிட்சைத் திறந்து லைனை இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பாதிக்கு மட்டும் கரண்டு கொடுத்துப் பார்க்க வேண்டும். அது விழாமல் நின்றால் குறை மறுபாதியில் இருக்கிறது. விழுந்தால் இந்தப் பாதியிலேயே. கேட்கச் சுலபம்தான். ஆனால் கரண்டு கொடுக்கிறவர் அடிவாரத்தில் இருக்கிறார், சுவிட்சைத் திறக்கிறவர் மலைமேல் இருக்கிறார், நடுவில் போன் கிடையாது. பகலில் வெள்ளைத் துணியை ஆட்டிக் காட்டலாம் என்று முதலில் யோசித்தேன். லைன்மேன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பனியிலதான சார் வுழுவுது? பனியில துணி எங்க தெரியும்?"

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். கடைசியில் கடிகாரங்களை நம்பினோம். கிளம்பும் முன்பே ஆபரேட்டரின் கடிகாரத்தையும் என்னுடையதையும் ஒன்றாக வைத்து, எப்போது கரண்டு கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், மறுபடி எப்போது கொடுக்க வேண்டும் என்று பேசி வைத்தோம். ஒரு கட்டளை மட்டும் எங்களுக்குள் இறுக்கமாக இருந்தது. கடிகாரத்தை நம்பி யாரும் கம்பியைத் தொடக்கூடாது. தொடுவதென்றால் சுவிட்சைத் திறந்து, பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பூமியோடு இணைத்த பிறகுதான்.

முதல் விடியலில் பனி கனமாக இறங்கியிருந்தது. எதிரே பஸ் நிற்கும் இடம் தெரியவில்லை. லைன்மேன் மில் கிளைக்குப் போகும் சுவிட்சைத் திறந்து வைத்துவிட்டு அதன் அடியிலேயே நின்றார். நான் டீக்கடையில், ஒற்றை பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோளக்காடு வரை இருக்கும் லைன் நல்லபடி இருந்தால் பல்பு எரிய வேண்டும். இல்லாவிட்டால் எரிந்த வேகத்தில் அணையும்.

டீக்கடைக்காரருக்கும் ஆவல் வந்துவிட்டது. பால் பொங்குவதைக் கூடக் கவனிக்காமல் என்னோடு சேர்ந்து பல்பைப் பார்த்தார்.

நேரம் வந்தது. பல்பு எரிந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அது எரிந்துகொண்டே இருந்தது.

"நின்னுருச்சுங்க!" என்றார் கடைக்காரர்.

அப்படியானால் அந்தச் செங்குத்தான சரிவு முழுவதும் நிரபராதி. மிளகுக்கொடியும் நிரபராதி. பேசி வைத்தபடி ஆபரேட்டர் கரண்டை நிறுத்தினார்; பல்பு அணைந்தது. லைன்மேன் சுவிட்சை மூடி, மில் கிளையையும் சேர்த்துவிட்டார். மறுபடியும் கரண்டு வந்தது. பல்பு ஒரு கண் சிமிட்டு சிமிட்டியது, செத்துவிட்டது.

எனக்குக் கைதட்டத் தோன்றியது. தேடுகிற இடம் மலையளவிலிருந்து ஒரு கிளையளவுக்குச் சுருங்கிவிட்டது. டீக்கடைக்காரர் எனக்குக் கொடுத்த டீயில் கருகிய பால் வாசம் அடித்தது. அன்று அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

சோளக்காட்டுக்காவது காலையில் கரண்டு இருக்கட்டும் என்று கிளை சுவிட்சைத் திறந்தே வைத்தோம். பனி விலகிய பிறகு மூடுவோம். இதனால் சோளக்காட்டில் நல்ல பெயர். மில்லில் கெட்ட பெயர்.

"ரோட்டு மேல இருக்கறவங்களுக்கு மட்டும் வெளிச்சம், எங்களுக்கு இருட்டுங்களா?" என்று மில்லுக்காரர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

பகல் முழுவதும் மில் கிளை லைனோடு நடந்தோம். கம்பம் கம்பமாக நின்று மேலே பார்த்தோம். லைன் வேலையில் எல்லாம் மேலேதான். கம்பி, பீங்கான், குறுக்குச் சட்டம். கம்பிக்கும் இரும்புக் கம்பத்துக்கும் நடுவில் கரண்டு தாவாமல் தடுப்பது அந்தப் பீங்கான்தான். எல்லாப் பீங்கானும் பளபளவென்று, முழுசாக, கிண்ணம் கவிழ்த்த மாதிரி உட்கார்ந்திருந்தன. உடைந்தது ஒன்றுமில்லை. மரக்கிளை எதுவும் உரசவில்லை. பறவைக் கூடு இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. எனக்குக் கழுத்து வலி பிடித்துக்கொண்டது.

கழுத்து வலித்ததால்தான் கீழே பார்த்தேன்.

ஒரு மேட்டுச் சரிவு. மேய்ச்சல் நிலம். ஆடு மாடுகள் புல்லை மொட்டையடித்து வைத்திருந்தன, தரை தெரிந்தது. நடுவில் எங்கள் தண்டவாளக் கம்பம். அதைச் சுற்றி மட்டும் புல் முழங்கால் உயரம் வளர்ந்து, வட்டமாக, யாரோ வேலி கட்டிக் காப்பாற்றிய மாதிரி நின்றது. வேலி எதுவும் இல்லை.

"அண்ணா, இதைப் பாருங்க."

லைன்மேன் பார்த்தார். "பாம்புப் பொந்து இருக்கும் சார். கிட்டப் போவாதீங்க."

பொந்து இல்லை. குச்சியால் விலக்கிப் பார்த்தேன். நல்ல பசும்புல். பாறை மேல் கொஞ்சம் மண், அதில் கம்பம். வேறொன்றும் இல்லை. மாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்னும் பின்னும் இருந்த கம்பங்களுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கெல்லாம் கம்பத்தின் அடி வரைக்கும் புல் மேயப்பட்டிருந்தது. இந்த ஒன்றில் மட்டும் இல்லை.

மேட்டின் அந்தப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவர், மில்லில் என்னைக் கேள்வி கேட்ட அதே அம்மாள்தான். அந்த மேய்ச்சலே அவருடையதாம்.

"அம்மா, அந்தக் கம்பத்துக்கிட்ட மாடு மேயாதா?"

"மேயாதுங்க. ஒரு மாடும் அங்க போவாது. ஓட்டிவுட்டாலும் திரும்பிக்கும்."

"ஏன்?"

"எறும்புங்க. கால வெச்சா சுருக்கு சுருக்குனு கடிக்கும். காலைலதான் கடிக்கும். வெய்யில் வந்தா இருக்காது."

"நீங்க எறும்பைப் பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். "பாக்கலீங்க. பனியில எங்க தெரியுது? கடிக்குது, அவ்வளவுதான்."

நானும் லைன்மேனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் காலில் ரப்பர் அடி வைத்த பூட்ஸ். அவர் காலில் தடித்த டயர் செருப்பு. அந்த அம்மாள் வெறுங்கால். அவருடைய மாடுகளும் வெறுங்கால்.

"இன்னிக்குக் காலைல கடிச்சுதா?" என்று கேட்டேன்.

"அதான் ஆச்சரியமுங்க. ரெண்டு நாளாக் கடிக்கல. ஒரு கன்னுக்குட்டி அந்தப் பக்கம் ஓடுச்சு, புடிக்கப் போனேன். ஒண்ணுமே இல்ல. எறும்பெல்லாம் எங்கியோ போயிருச்சு."

அந்த இரண்டு நாட்களும் விடியலில் கிளை சுவிட்சைத் திறந்து வைத்திருந்தது நாங்கள். நான் தேடிக்கொண்டிருந்தது ஒரு கணக்கின் விடை. இவர் அதன் மேல் தினமும் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்.

"இனிமே அந்தப் பக்கம் போகாதீங்கம்மா. மாட்டையும் விடாதீங்க. கன்னுக்குட்டியே ஓடுனாலும் போகாதீங்க."

"எறும்புக்கா இவ்வளவு பயப்படறீங்க?"

"எறும்பு இல்லம்மா. நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் விடியும் முன்பே போனோம். கிளை சுவிட்ச் மூடியிருந்தது, கரண்டு இருந்தது. பனி அப்போதுதான் பள்ளத்திலிருந்து ஏறிவரத் தொடங்கியிருந்தது. மேட்டில் தள்ளி நின்று காத்திருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. கம்பம் மெல்ல மங்கியது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. அடுப்பில் ஈர விறகு சீறுவது போல, மிக மெல்லியதாக. மேலே, பனிக்குள், நீல நிறத்தில் ஏதோ ஒன்று இருப்பது போலவும் இல்லாதது போலவும் பட்டது.

எனக்கு அந்த எறும்பைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இன்றைக்கு நினைத்தால் பைத்தியக்காரத்தனம். அன்று அப்படித் தோன்றவில்லை. பூட்ஸைக் கழற்றினேன். கம்பத்திலிருந்து எட்டத்தில், ஈரப் புல்லில் காலை வைத்து, கால்களுக்கு நடுவே இடைவெளி கூடினால் அடியும் கூடும் என்று இரண்டு கால்களையும் ஒட்டி ஒட்டி நகர்ந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். குளிர் மட்டும்தான். இன்னும் கொஞ்சம். அப்போது ஒரு காலைச் சற்று அகட்டி வைத்துவிட்டேன். சுருக்கென்றது. அந்த அம்மாள் சொன்ன வார்த்தை அச்சு அசலாகச் சரி. கணுக்காலில் ஆரம்பித்து முழங்கால் வரை பொடிப்பொடியாகக் கடித்தது. எனக்குப் பயத்தை விட முதலில் வந்தது சிரிப்பு.

"அண்ணா, இருக்குது!"

அவர் பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் மல்லாந்து விழுந்தேன். என்னைத் தரதரவென்று மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பொழைக்க வந்தீங்களா, சாவறதுக்கு வந்தீங்களா?" அவர் முகம் வெளுத்திருந்தது. அதுவரை என்னிடம் சத்தமாகப் பேசியவரில்லை. "உங்கம்மாவுக்கு நானா போய்ப் பதில் சொல்றது?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதே சமயம் பனிக்குள் வெள்ளை வெளிச்சம் ஒன்று வெடித்தது. அதிர்வேட்டு மாதிரி ஒரு சத்தம். கம்பம் ஒரு கணம் முழு உருவத்தோடு தெரிந்து மறைந்தது. சீறல் நின்றுவிட்டது. எங்கேயோ நாய் குரைத்தது. அடிவாரத்தில் பிரேக்கர் விழுந்திருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் இருவரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் அந்த வெடிப்பு என் கால் வழியாகத்தான் போயிருக்கும்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"பூட்ஸைப் போடுங்க மொதல்ல" என்றார் அவர்.

அவர் போய்ச் சுவிட்சைத் திறந்து, பூட்டி, சாவியைக் கொண்டுவந்து என் கண் முன்னால் தன் பையில் போட்டார். கம்பியைப் பூமியோடு இணைத்தோம். பிறகு அவர் ஏறினார். மேலே இருந்து நடுப் பீங்கானைத் தடவிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"கண்ணுக்குத் தெரியல சார். நகத்துல தட்டுப்படுது. தலைமயிரு மாதிரி ஒரு கோடு. கட்டுக் கம்பிக்கு அடியில போவுது."

லைன் கம்பியைப் பீங்கானோடு சேர்த்துச் சுற்றியிருந்த அந்தக் கட்டுக் கம்பியை அவிழ்த்துப் பீங்கானைக் கழற்றிக் கீழே இறக்கினார். வெளியில் வெடித்த இடம் புகையாகக் கறுத்திருந்தது. கவிழ்த்துப் பார்த்தால், உட்புறத்தில் விரிசலோடு ஒரு கரிக்கோடு, பீங்கானைத் தாங்கும் இரும்பு ஆணி வரைக்கும். காய்ந்திருக்கும்போது அந்த விரிசலுக்குள் காற்றுதான். கரண்டால் தாவ முடியாது. பனி இறங்கி ஈரம் உள்ளே போனதும் அதுவே பாதையாகிவிடுகிறது. கரண்டு கம்பத்துக்கு வந்து, அதன் வழியாகப் பூமிக்கு வருகிறது. ஆனால் அந்தக் கம்பத்தின் அடியில் இருந்தது பாறை. கம்பத்தைப் பூமியோடு இணைக்கும் எர்த் குழாயைப் பாறை தட்டிய இடத்தோடு விட்டுவிட்டிருந்தார்கள். அதனால் கசிவு ஆழத்துக்குப் போக வழியில்லாமல், மேல் மண்ணிலேயே புல்லுக்கடியில் பரவிக்கொண்டிருந்தது. பிரேக்கருக்கு அது ரொம்பக் கொஞ்சம். ஈரம் முற்றி வெடிக்கும் வரை அதன் கண்ணில் படவில்லை. மாட்டின் காலுக்கு அது நிறைய.

புதுப் பீங்கான் மாட்டிவிட்டு, பழையதைத் துணியில் சுற்றி மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கூடைக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அம்மாளும் இருந்தார். மெகர் என்பது கையால் சுற்றும் ஒரு பெட்டி. ஒரு பொருள் கரண்டைத் தடுக்கிறதா, விடுகிறதா என்று அதன் முள் காட்டும். யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பீங்கானை நன்றாகத் துடைத்து, வெயிலில் காயவைத்து, மெகரைச் சுற்றினேன். முள் ஒரு ஓரத்துக்குப் போய் நின்றது. நல்ல பீங்கானுக்கு என்ன காட்டுமோ அதுதான்.

"பாருங்க, இது நல்லவன்" என்றேன்.

செம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டு மறுபடி சுற்றினேன். முள் தளர்ந்து, சரிந்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த அம்மாள் குனிந்து முள்ளைப் பார்த்தார், பீங்கானைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கரண்டு பூரா எங்க மேச்சல்லதான் இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க. உங்க காலுக்குக் கீழதான்."

"நான் மஞ்சத்தூள் போட்டுப் பாத்தேனுங்க. எறும்பு போவட்டும்னு."

அவர் சொன்ன விதத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவரும் சிரித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டு கேட்டார்: "மாடு செத்துருக்குங்களா?"

"செத்திருக்கலாம்மா. நீங்களும்."

அவர் கூடையைத் தூக்கி மெஷினில் கொட்டப் போனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இனி காலையிலும் ஓடும்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் மலையில்தான் இருந்தோம். அந்தக் கம்பத்து எர்த்தை ஓடையோரத்து ஈர மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போய், குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதைத்தோம். பிறகு மிச்சக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இம்முறை மேலேயும் பார்த்தோம், கீழேயும் பார்த்தோம். வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் நான் "கம்பத்துக்கிட்டப் போனா கால்ல கடிக்குதுங்களா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தால் சிலர் ஒதுங்கிப் போனதாக லைன்மேன் சொன்னார். ஒரே ஒரு இடத்தில், ஒரு பலாமரத் தோப்போரம், "நாய் அந்தக் கம்பத்துல காலத் தூக்காதுங்க" என்று ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தோம். அங்கே பீங்கான் நன்றாகவே இருந்தது. அந்த நாய்க்கு என்ன காரணமோ, எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆபீசில் என் மேலதிகாரி நடந்ததையெல்லாம் கேட்டார். நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு முறை கேட்பவர்.

"குறை இருந்த கம்பத்தை எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"மாடு மேயலை சார்."

"என்னது?"

"அந்தக் கம்பத்தைச் சுத்தி மாடு மேயலை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூட்ஸைக் கழற்றிய பகுதியை நான் சொல்லவில்லை. லைன்மேனும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் மற்ற மலைப்பகுதிச் சூப்பர்வைசர்களிடம் அவர் பேசும்போது, கம்பத்தடிப் புல்லையும் பார்த்துவிட்டு வரச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

கோடை வந்தது. வைகாசியில் ஒரு மத்தியானம் காற்றும் மழையும் அடித்துப் பிரேக்கர் விழுந்தது. நானும் லைன்மேனும் பையைத் தூக்கிக்கொண்டு, மறுபடி எத்தனை நாள் நடக்கப் போகிறோமோ என்று பேசிக்கொண்டே அடிவாரத்தில் பஸ்ஸுக்காக நின்றோம். மேலேயிருந்து இறங்கி வந்த பஸ் எங்கள் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க, கரண்டாபீஸா? மில்லுக்குப் போற வழியில, பெரிய பாறைக்கு அடுத்த கம்பத்துல பலாக்கிளை முறிஞ்சு கம்பி மேல வுழுந்து கெடக்குதாமுங்க. மில்லுக்காரர் சொல்லச் சொன்னாரு. யாரும் கிட்டப் போவாம ஆளு நிறுத்தியிருக்காங்களாம். மாட்டையும் தள்ளிக் கட்டியிருக்காங்களாம்."

நாங்கள் நேராக அந்தக் கம்பத்துக்கே போனோம். வழியில் ஒரு கம்பத்தையும் அண்ணாந்து பார்க்கவில்லை. சோளக்காட்டில் கிளை சுவிட்சைத் திறந்து பூட்டியதும், பேசி வைத்தபடி ஆபரேட்டர் கரண்டு கொடுக்க, ஊருக்கு விளக்கு வந்துவிட்டது. கிளையை இழுத்து, அறுத்து, கம்பியைக் கட்டி முடித்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கிளையோடு விழுந்த பலாக்காய்களில் ஒன்று பழுத்திருந்தது. அங்கேயே பிளந்து, காவலுக்கு நின்றவர்களும் நாங்களுமாகப் பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். பால் பிசின் கையில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. எண்ணெய் தடவினால்தான் போகும் என்றார்கள். கடைசி பஸ் ஹாரன் அடித்துக் கூப்பிட்டது. எண்ணெய்க்கு நேரமில்லாமல், ஒட்டுகிற கையோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டோம்.